கல்யாண வேலைக்குப் பழைய நிக்கான் டி850 வாங்கலாமா?

கேள்வி: இப்போது 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் கல்யாணப் படங்கள் எடுக்கிறேன். செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி850 ஒன்று வருகிறது. 45 மெகாபிக்சல் என்பதால் படம் இரண்டு மடங்கு நன்றாக இருக்குமா? நிறை குறைகளைப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

இரண்டு மடங்கு இருக்காது. உங்கள் கேமராவின் படம் அகலத்தில் 6000 புள்ளி, உயரத்தில் 4000. டி850 தரும் படம் 8256-க்கு 5504. மெகாபிக்சல் என்பது பரப்புக் கணக்கு. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் கிடைப்பது 1.38 மடங்குதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2018-இல் இருந்து இந்தக் கேமராவை வைத்திருக்கிறேன். கல்யாண வேலைதான் பிழைப்பு. ஓய்வு கிடைத்தால் கோயில் சிற்பங்கள் எடுப்பேன். இரண்டிலும் இது எனக்குக் கொடுத்தது வேறு வேறு.

கல்யாண ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். 12-க்கு 36 இன்ச் ஆல்பத்தில் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டால், 24 மெகாபிக்சலில் இன்ச்சுக்கு 167 புள்ளி வரும், டி850-இல் 229 வரும். ஆல்பத்தை மடியில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அந்தத் தூரத்தில் இந்த வித்தியாசம் தெரியும், குறிப்பாக நகையிலும் சேலைக் கரையிலும். ஆனால் அதே ஆல்பத்தில் கால் பக்கம், அரைப் பக்கம் வருகிற படங்களில் தேடிப் பார்த்தாலும் வித்தியாசம் கிடைக்காது. வாட்ஸப்பில் அனுப்புகிற படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனக்கு உண்மையான லாபம் படத்தை வெட்டுவதில்தான். தாலி கட்டும் நேரத்தில் நமக்கு நிற்க இடம் கிடைக்காது. வீடியோக்காரர் ஒரு பக்கம், அட்சதையோடு உறவினர்கள் மறுபக்கம். அந்தச் சமயத்தில் 35 எம்எம் லென்ஸில் அகலமாக எடுத்துவிடுவேன். அப்புறம் அந்தப் படத்தின் பாதி அகலத்தை மட்டும் வெட்டி, முடிச்சுப் போடும் கைகளையும் குனிந்த முகத்தையும் தனியாக எடுத்தாலும் 11 மெகாபிக்சல் மிஞ்சும். பாதிப் பக்கத்துக்கு அது தாராளம். ஒரே நொடியில் இரண்டு படம் எடுத்த மாதிரி.

அடுத்தது ஐஎஸ்ஓ 64, அதாவது சென்சார் ஒளியை உணரும் அளவை அவ்வளவு கீழே வைக்கலாம். விளம்பரத்தில் மெகாபிக்சல்தான் பெரிதாகப் பேசப்படும், ஆனால் இந்தக் கேமராவை நான் விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான். மதிய வெயிலில் மாலையும் கழுத்துமாக நிற்கிற பெண்ணை, வெள்ளை வேட்டியும் வானமும் வெளுத்துப் போகாத அளவுக்கு இருட்டாக எடுத்துவிட்டு, ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததைச் சமைக்காமல் வைக்கும் ஃபைல்) முகத்து நிழலை மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, தூக்கினாலும் தோல் நிறம் கெடுவதில்லை. மண்டபத்தில் ஐஎஸ்ஓ 3200 போகும்போது நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து நாய்ஸ், அதாவது மணல் தூவிய மாதிரிப் புள்ளிகள், அதிகம் என்று சிலர் பயப்படுகிறார்கள். 24 மெகாபிக்சல் படத்தோடு ஒரே அளவில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, குறைகளுக்கு வருவோம். கையில் வரும் சின்ன நடுக்கத்தைக்கூட இது காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கேமராவில் சென்சாரைத் தாங்கி நடுக்கத்தைக் குறைக்கும் ஏற்பாடு உடம்புக்குள் கிடையாது, லென்ஸில் இருந்தால்தான் உண்டு. கேமரா வாங்கிய புதிதில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போனேன். கருவறையைச் சுற்றி அடித்தளத்தில் பெரியபுராணக் காட்சிகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருப்பார்கள். குனிந்தோ உட்கார்ந்தோதான் பார்க்க முடியும். அங்கே தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் ஸ்டாண்டு போடக்கூடாது, எல்லாம் கையில் பிடித்துத்தான். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கிற காட்சியை, நடுக்கம் தாங்கும் வசதி இல்லாத 85 எம்எம் லென்ஸில் 1/80 நொடியில் எடுத்தேன். லென்ஸின் எம்எம் எவ்வளவோ அவ்வளவு வேகம் போதும் என்பது பழைய கணக்கு. என் பழைய கேமராவில் அது சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

வீட்டில் திறந்து பெரிதாக்கிப் பார்த்தால் முதலையின் வாய் விளிம்பு இரண்டு கோடாக இருந்தது. லேசான ஷேக். சின்னதாகப் பார்த்தால் குறை தெரியாது, ஆனால் எதற்காக 45 மெகாபிக்சல் வாங்கினேனோ அந்த நுணுக்கம் அதில் இல்லை. அடுத்த வாரம் மறுபடி போனேன். காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற நேரம், தரையில் உட்கார்ந்து முழங்கையை முழங்காலில் ஊன்றி, ஐஎஸ்ஓவை 400-க்கு ஏற்றி 1/250-இல் எடுத்தேன். இந்த முறை கல்லின் மணிமணியான பரப்பு, தேய்ந்துபோன முகத்தில் மிஞ்சியிருக்கிற கண்ணின் வரி, எல்லாம் தெரிந்தது. கோயிலில் நின்று பார்த்தபோது என் கண்ணுக்குப் படாத கோடுகள் அவை. அன்றிலிருந்து லென்ஸின் எம்எம்மைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேகம் வைக்கிறேன், கல்யாணத்திலும் அப்படித்தான்.

லென்ஸும் அப்படித்தான். பழைய ஜூம் லென்ஸ்களின் ஓரங்கள் இதில் மங்கலாகத் தெரியும். லென்ஸின் துளையை எஃப் 16-க்குச் சின்னதாக மூடினால், துளை விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கக் கூர்மை குறைவது கண்ணுக்கே தெரியும். எஃப் 5.6, எஃப் 8 பக்கம் இருப்பது நல்லது. அகலத் திறந்து எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 85 எம்எம்மில் எஃப் 1.8-இல் எடுத்த மணப்பெண் படங்களில் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் ஜிமிக்கியில் போய் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி உள்ள கேமராக்களில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு என்பதால் லென்ஸுக்கு லென்ஸ் சின்ன விலகல் வரும். 24 மெகாபிக்சலில் அது ஒளிந்துகொள்ளும், இதில் ஒளியாது. இதற்குக் கேமராவிலேயே வழி இருக்கிறது. ஸ்டாண்டில் வைத்து, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) ஃபோகஸ் செய்துவிட்டு, ஏஎஃப் மோட் பட்டனையும் வீடியோ பட்டனையும் சேர்த்து இரண்டு நொடிக்கு மேல் அழுத்தினால் திருத்தத்தை அதுவே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மாலை நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள். நான் ஒரு வருடம் தாமதமாகச் செய்தேன், அந்த வருடத்துப் படங்களை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

சென்சார் முன்னால் லோ பாஸ் ஃபில்டர் (மிக நுண்ணிய கோடுகளை லேசாக மங்கலாக்கும் தகடு) இல்லாததால் நெருக்கமான நெசவுள்ள கோட்டுத் துணியில் சில சமயம் வண்ண அலைகள் வரும். அதிகம் வராது. வந்தால் தூரத்தைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு படம் எடுத்துவிடுங்கள்.

ஃபைல் அளவைப் பற்றி முன்கூட்டியே யோசியுங்கள். 14 பிட் ரா, தரம் குறையாத சுருக்கத்தில் ஒரு படம் சுமார் 50 எம்பி. ஒரு கல்யாணத்துக்கு 2500 படம் என்றால் 125 ஜிபி, ஒரு பேக்கப்போடு 250. சீசனில் மாதம் ஆறு கல்யாணம் என்றால் எங்கே வைப்பீர்கள்? என் பழைய கம்ப்யூட்டர் முதல் மாதமே திணறியது. கேமராவோடு ரேம், ஹார்ட் டிஸ்க், கார்டு என்று தனியாக ஒரு தொகை ஆனது. சுமார் 25 மெகாபிக்சலில் மீடியம் ரா எடுக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது 12 பிட், நிற விவரம் கொஞ்சம் குறையும். வரவேற்பில் வரிசையாக மேடையேறி நிற்கிற குடும்பப் படங்களை நான் ஜேபெக்கில்தான் எடுக்கிறேன்.

லைவ் வியூவில் சத்தமே இல்லாமல் எடுக்கலாம். கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது க்ளிக் சத்தம் கேட்காமல் எடுப்பது பெரிய நிம்மதி. ஆனால் எல்இடி விளக்கு உள்ள மண்டபத்தில் இதையே செய்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். லைவ் வியூவில் ஆட்டோஃபோகஸும் மெதுவானது, முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் வீடியோவும் உங்கள் வேலை என்றால் இதை வாங்க வேண்டாம் என்பேன். 4கே தரம் நன்றாக இருக்கிறது, ஓடிவருகிற குழந்தையை ஃபோகஸில் பிடிக்கத்தான் அதற்கு முடியாது.

எடை பேட்டரியோடு 1005 கிராம். 24-70 எஃப் 2.8 லென்ஸையும் மாட்டினால் சுமார் இரண்டு கிலோ வரும். முகூர்த்தம் முடிவதற்குள் தோள் சொல்லிவிடும். பேட்டரி மட்டும் அபாரம். 1840 படம் என்பது நிக்கான் சொல்லும் கணக்கு, நான் மாற்று பேட்டரியைக் காலையில் தொட்டதே இல்லை.

2023-இல் வந்த நிக்கான் இசட்8-உம் அதே 45.7 மெகாபிக்சல்தான். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் அதில் உண்டு, ஜிமிக்கிப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பணம் இருந்தால் அதுதான் என் தேர்வு. ஆனால் உங்களிடம் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் (உள்ளே ஃபோகஸ் மோட்டார் இல்லாதவை) இருந்தால், அடாப்டர் போட்டாலும் அவை அதில் ஆட்டோஃபோகஸ் ஆகாது. டி850-இல் ஆகும்.

உங்கள் கையில் ஒரு நல்ல லென்ஸ்கூட இல்லையென்றால், இந்தப் பணத்துக்கு இருக்கிற 24 மெகாபிக்சல் உடம்புக்கு நல்ல 85-உம் 35-உம் வாங்குங்கள், ஆல்பத்தில் மாற்றம் கூடுதலாகத் தெரியும். லென்ஸ் இருக்கிறது, விரித்துப் போடும் பக்கங்களும் வெட்டி எடுக்கும் படங்களும் நிறைய என்றால் தாராளமாக வாங்கலாம்.

வாங்கப் போகும்போது உங்கள் கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து, அந்த ஃபைலில் ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஷட்டரை 2,00,000 முறைக்குச் சோதித்திருப்பதாக நிக்கான் சொல்கிறது. 1,50,000 தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இரண்டு கார்டு இடங்களில் ஒன்று எக்ஸ்க்யூடி, மற்றது எஸ்டி. இரண்டிலும் எழுதிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.