ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கைட்போர்டிங்: வாசகர் கேள்வி பதில்

பெரிய பட்டமொன்றை இடுப்போடு இணைத்து, காலில் பலகையை மாட்டி, காற்றின் இழுவையில் கடல்மேல் வழுக்கிச் செல்லும் கைட்போர்டிங் ராமேஸ்வரம் தீவில் கற்றுத்தரப்படுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். செட்டிநாட்டுப் பக்கமிருந்து கடிதங்கள் நிறைய வந்தன. எழுதியவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பொதுவாகப் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு 57 வயது. மேசை வேலை பார்த்தே பழகிய உடம்பு. அவ்வளவு பெரிய பட்டத்தை இந்தக் கை தாங்குமா?
– வாசகர், காரைக்குடி

கை தாங்க வேண்டியதில்லை. இடுப்பில் கட்டும் ஹார்னஸின் முன்னால் ஒரு கொக்கி இருக்கிறது. பட்டத்தின் முன் லைன்கள், அதாவது முன்பக்கக் கயிறுகள், இரண்டும் ஒரு வளையத்தில் சேர்ந்து அந்தக் கொக்கியில் மாட்டும். இழுவையின் பெரும்பங்கு அங்கே போய்விடும். கையில் பிடிக்கும் கம்பான பாரின் இரு முனைகளிலும் பின் லைன்கள் இருக்கின்றன. பாரை உங்கள் பக்கம் இழுத்தால் அவை இறுகி, பட்டம் காற்றை அதிகமாக வாங்கும். தள்ளிவிட்டால் இழுவை குறையும்.

சிக்கல் இங்கேதான். பயம் வந்ததும் கை தானாகப் பாரை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கும், இழுவை கூடும், பயமும் கூடும். கைவலு உள்ள ஆண்களுக்கு இந்தப் பழக்கம் போக அதிக நேரம் பிடிக்கும். அதனால் பாடம் தொடங்குவதே விடுவதில்தான். முதல் படி, பாரைக் கைவிடுவது. அதிலும் பட்டம் அடங்காவிட்டால் இரண்டாம் படி, வளையத்தின் மேலுள்ள அவசர விடுவிப்பைத் தள்ளுவது. பட்டம் ஒரே லைனில் தொங்கிக் காற்றை இழந்து விழும். அப்போதும் இழுத்துக்கொண்டு போனால் மூன்றாம் படி, பட்டத்தை உங்களோடு பிணைத்திருக்கும் கடைசிக் கயிறான லீஷையும் கழற்றிப் பட்டத்தைப் போகவிடுவது. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு, வரிசை மாறாமல் செய்ய வரும்வரை பெரிய பட்டத்தைத் தொடாதீர்கள். இதற்குக் காற்றும் வேண்டாம், கடலும் வேண்டாம். தூணில் வளையத்தை மாட்டி, பின்னால் சாய்ந்து எடையைக் கொடுத்து வீட்டிலேயே பழகலாம். எடை கொடுத்துப் பழகுவது அவசியம். வெறும் கையில் சுலபமாக நகரும் விடுவிப்பு, இழுவையில் இறுக்கமாக இருக்கும்.

எங்களுக்குப் பக்கத்துக் கடல் தொண்டிதான். அதை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் காரில் ராமேஸ்வரம் போவானேன்? மழைக்குப் பிறகு கண்மாயும் கடல்போலத்தான் கிடக்கிறது.
– வாசகர், தேவகோட்டை

தூரத்தைவிடக் காற்றின் திசை முக்கியம். தொண்டிக் கரை கிழக்கே பார்த்தது. ஆனி, ஆடியில் அடிக்கும் கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது; அதாவது தொண்டியில் அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. பட்டம் விழுந்தாலோ பலகை போனாலோ உங்களைப் பாக் நீரிணையின் நடுவுக்குத்தான் தள்ளும். அந்தப் பக்கம் சர்வதேசக் கடல் எல்லை இருக்கிறது. கரையிலிருந்து வெளியே வீசும் காற்றில், மீட்புப் படகு இல்லாமல் கடலில் இறங்கவே கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது.

ராமேஸ்வரத்தில் வசதி என்னவென்றால், ஒரு தீவுக்கு இரண்டு கடல். தனுஷ்கோடிச் சாலையின் தெற்கே மன்னார் வளைகுடா, ஊரார் சொல்லும் ஆண்கடல். வடக்கே பாக் நீரிணை, பெண்கடல். கச்சான் காலத்தில் தென்கரையில் காற்று கரையை நோக்கி வரும். மார்கழி, தையில் வாடை வீசும்போது நிலைமை தலைகீழ். அப்போது வடகரைக்கு மாறிக்கொள்ளலாம். இடுப்பளவு ஆழத்தில் அலையில்லாத நீர் கிடைக்கும் இடங்களும் உண்டு. விழுந்தால் நின்றுகொள்ளலாம் என்பது ஐம்பதைக் கடந்தவருக்குப் பெரிய ஆறுதல். அதற்காக அரிச்சல்முனைப் பக்கம் ஒதுங்காதீர்கள். அங்கே நீரோட்டம் பலமானது.

மார்கழி வாடையில் தொண்டியிலும் காற்று கரைப்பக்கம் வீசுமே என்று கேட்பீர்கள். வீசும். ஆனால் பட்டத்தின் லைன்கள் 20 முதல் 24 மீட்டர் நீளம். கட்டிய படகுகளும் விரித்த வலைகளும் உள்ள மீனவர் கரையில் அவ்வளவு நீளத்தைச் சுழற்ற இடம் கிடைக்காது. அது அவர்களுடைய தொழிலிடமும்கூட.

கண்மாய் வேண்டவே வேண்டாம். கரை, பனை, சீமைக்கருவேலம் எல்லாம் காற்றை உடைத்து அனுப்பும். ஒரு தடுப்பின் உயரத்தைப்போல ஏழு முதல் பத்து மடங்கு தூரம்வரை அதன் பின்னால் காற்று குழம்பித்தான் இருக்கும். பட்டம் ஒரு கணம் துவண்டு, அடுத்த கணம் வெடுக்கென்று இழுக்கும். இதோடு மின்கம்பி, நீருக்கடியில் மூழ்கிக் கிடக்கும் முள். ஒரே ஒரு பயன் உண்டு: சித்திரை, வைகாசியில் வறண்டு கிடக்கும் கண்மாயின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம் மின்கம்பி இல்லையென்றால், 2 சதுர மீட்டர் பயிற்சிப் பட்டத்தைப் பறக்கவிட்டுப் பழகலாம். அதற்கு மேல் அளவுள்ள எதையும் தரையில் ஏற்றாதீர்கள். பட்டம் கம்பியை நோக்கிப் போனால் கையிலுள்ளதை உடனே விட்டுவிட்டு விலகுங்கள். சிக்கிய பட்டத்தை மின்வாரியத்தார் எடுக்கட்டும்.

வயது 52. சின்ன வயதில் ஊருணியில் நீந்தியதுதான். போதுமா? என்ன உடை?
– வாசகி, பள்ளத்தூர்

நீச்சல் மறக்காது, ஆனால் மூச்சு மறந்துவிடும். நில்லாமல் 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும் வந்த பிறகு பயிற்சிக்குப் பதிவு செய்யுங்கள் என்பது எங்கள் யோசனை. மிதவை உடுப்பு கட்டாயம் அணிவீர்கள். ஆனாலும் அலை முகத்தில் அடிக்கும்போது பதறாமலிருக்க இந்தப் பழக்கம் வேண்டும். குடிநீர் ஊருணியில் இறங்க இப்போது பல ஊர்களில் விடுவதில்லை, அது சரியும்கூட. நீச்சல் குளத்துக்குப் போங்கள்.

உடை: உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை கால்சட்டையும், லைக்ரா துணியில். வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் அதுவே காப்பு. துப்பட்டா, தொங்கும் நாடா எதுவும் கூடாது. மோதிரம், வளையல், சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். இழுவையிலுள்ள லைன் மோதிரத்தில் மாட்டினால் விரலுக்கே ஆபத்து. மெட்டியையும்தான்: பலகையின் பட்டைக்குள் கால் நுழையும்போது அது விரலை அறுக்கும். கழற்ற மனமில்லையென்றால் நியோப்ரீன் காலணிக்குள் பிளாஸ்திரி சுற்றி வையுங்கள். அந்தக் காலணி எல்லாருக்குமே தேவை. பவளத் துண்டும் கடல்முள்ளியும் இருக்கும் கடல் அது. திருக்கை மணலில் படுத்திருக்கும் என்பதால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடங்கள்.

ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை. கண்புரை அறுவை முடிந்திருக்கிறது. ஆசைப்படலாமா?
– வாசகர், கோட்டையூர்

ஆசைப்படலாம், மருத்துவரிடம் சரியான கேள்விகளோடு போங்கள். “விளையாடலாமா” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நெஞ்சளவு நீரில் ஒரு மணி நேரம் இழுபடுவேன், திடீரென்று மூச்சு வாங்கும், தண்ணீரில் வேகமாக விழுவேன் என்று விவரமாகச் சொல்லுங்கள். டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

மாத்திரையின் பெயரும் முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு போன்றவையும் இன்சுலினும் இறக்கும். அதோடு அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குப் படபடப்பு, நடுக்கம் என்ற எச்சரிக்கை அறிகுறிகள் மறைந்துபோகலாம். இறங்குமுன் சர்க்கரையைப் பாருங்கள். நீர்புகாத பையில் குளுக்கோஸ் வையுங்கள். பயிற்சியாளரிடமும் சொல்லி வையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்குத் தலையில் அடிபட்டால் ஆபத்து அதிகம். மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் இறங்க வேண்டாம்.

கண்ணுக்கு அறுவை செய்த மருத்துவரின் அனுமதி வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் பாலிகார்பனேட் வில்லையும் பின்பட்டையும் போடுங்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: தொடக்கத்தில் எல்லாரும் அண்ணாந்து பட்டத்தையே பார்ப்பார்கள், மாலையில் கழுத்து பிடித்துக்கொள்ளும். பயிற்சிப் பட்டத்திலேயே, பாரில் தெரியும் இழுவையை வைத்துப் பட்டம் எங்கே இருக்கிறதென்று உணரப் பழகிவிட்டால் அந்த வேதனை பாதியாகும்.

முதுகுவலிக்காரர் எந்த ஹார்னஸ் வாங்குவது?
– வாசகர், புதுவயல்

கற்கும்வரை தொடையோடு சேர்த்துக் கட்டும் சீட் ஹார்னஸ். பட்டம் தலைக்கு மேலே நிற்கும்போது இடுப்பு ஹார்னஸ் விலாவரை ஏறிவிடும். சீட் வகை ஏறாது, கீழ்முதுகும் வளையாது.

எந்த வரிசையில் கற்றுத்தருவார்கள்? எத்தனை நாள் ஆகும்?
– வாசகர், கானாடுகாத்தான்

சொந்தமாகப் பலகையில் சிறிது தூரம் போக, பொதுவாக 9 முதல் 12 மணி நேரப் பயிற்சி என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் 15 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். களைத்த உடம்பில்தான் முழங்காலும் தோளும் சுளுக்கும். ஞாயிறுதோறும் போய்வருவதைவிட ஒரேயடியாகத் தொடர்ந்து எட்டு நாள் தங்கிக் கற்பது பலன் தரும். ஐகேஓ (சர்வதேசக் கைட்போர்டிங் அமைப்பு) சான்று பெற்ற பயிற்சியாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிப் பட்டம், லைன் பூட்டுதல், ஏற்றி இறக்குதல், பிறகு பலகையில்லாமல் உடம்போடு நீரில் இழுபடுவது, பிறகுதான் பலகை. இதில் எல்லாரும் தாண்டிப்போக நினைப்பது ஏற்றி இறக்குவதை. அங்கேதான் நிதானம் வேண்டும். நீரில் விழுந்தால் நனைவீர்கள். கரையில் விழுந்தால் எலும்பு முறியும்.

ஏற்றும்போது உதவியாளர் பட்டத்தின் ஊதிய முன்விளிம்பை நடுவில் பிடித்திருப்பார். லைன்கள் காற்றின் திசைக்கு ஏறத்தாழச் செங்குத்தாக இருக்க வேண்டும். துணி படபடவென்று அடித்தால் பட்டம் காற்றின் ஓரத்துக்கு வெளியே இருக்கிறது. சற்று நகர்ந்து சரிசெய்யுங்கள். ஏற்றுமுன்பே பலமாக இழுத்தால் பட்டம் காற்றுக்குள் ஆழமாகப் போய்விட்டது. அந்த நிலையில் பட்டத்தை விடச்சொல்லி உதவியாளருக்குச் சைகை காட்டவே கூடாது. ஒவ்வொரு லைனையும் பாரிலிருந்து பட்டம்வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். ஒன்று மாறிப் பூட்டியிருந்தாலும் பட்டம் ஏறியவுடன் சுற்றிச் சுற்றிக் கரையோடு இழுத்துப் போகும். காற்று போகும் பக்கம் 50 மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். ஏறிய பட்டத்தைத் தலைக்கு மேல் நிறுத்தி வேடிக்கை பார்க்காதீர்கள். திடீர் காற்றில் அது உங்களை மேலே தூக்கும். கடல்பக்கம் தாழ்த்தி வைத்து, உடனே நீருக்குள் நடந்துவிடுங்கள்.

பலகையில் எழும்போது நடக்கும் தவறும் பெரும்பாலும் ஒன்றுதான்: நாற்காலியிலிருந்து எழுவதுபோல் முழங்காலை ஊன்றி எழப் பார்ப்பது. பட்டத்தைப் போகும் பக்கம் இறக்குங்கள், அது தூக்கும்வரை குந்தியே இருங்கள். பின்கால் மடங்கி, முன்கால் நீண்டு, பலகையின் மூக்கு காற்று போகும் பக்கம் சற்றே திரும்பியிருக்கட்டும். குறுக்கே வைத்தால் நீர் பலகையைத் தடுத்து உங்களை முகங்குப்புறத் தள்ளும். பலகை நழுவினால் அது பின்தங்கிவிடும். ஒரு கையை நீருக்குள் நீட்டிக் காற்றுக்கு எதிராகக் குறுக்கும் நெடுக்கும் இழுபட்டுத்தான் எடுக்க வேண்டும். பலகையைக் கயிற்றில் காலோடு கட்டாதீர்கள். கயிறு சுண்டி இழுத்தால் பலகை தலையில் வந்து அடிக்கும்.

எனக்கு 78 கிலோ. என்ன அளவுப் பட்டம்?
– வாசகர், காரைக்குடி

காற்று 15 நாட், அதாவது மணிக்கு 28 கி.மீ. இருக்கும்போது சுமார் 12 சதுர மீட்டர். 22 நாட் ஆனால் 9. கற்பவருக்கு 12 முதல் 18 நாட் போதும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும் என்பதை மனதில் வைத்தால், சந்தேகம் வரும்போது சின்னதை எடுப்பீர்கள். ஆடியில் 20 நாட்டைத் தாண்டும் நாட்கள் உண்டு. அன்றைக்குக் கரையில் உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல்சின்னமும் இருப்பதால் அந்த மாதங்களில் கற்கத் தொடங்க வேண்டாம்.

பழைய பட்டம் ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிப் பார்த்து வாங்குவது? உப்புக்காற்றுப் பட்டதை வீட்டில் எப்படி வைப்பது?
– வாசகர், கானாடுகாத்தான்

2005-ஐ ஒட்டி வந்த ‘போ’ (bow, வில்) வகைப் பட்டங்களுக்குப் பிறகுதான் இழுவையை ஏறக்குறைய முழுதாகக் குறைக்கும் வசதி பரவலானது. அதற்கு முந்தியது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அளவாக, 6 முதல் 8 பிஎஸ்ஐ ஊதி இரவு முழுக்க விடுங்கள். காலையில் துவண்டிருந்தால் உள்ளேயிருக்கும் காற்றுப்பை (பிளாடர்) கசிகிறது. துணியைக் கசக்கிப் பாருங்கள். மொடமொடப்பு போய்ப் பழைய வேட்டிபோல் மெத்தென்றிருந்தால் வெயில் தின்றுவிட்டது.

அடுத்து லைன்கள். தெருவிலிருந்து பின்தெருவரை நீளும் வீடு உங்களுக்கு இருந்தால், முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுவரை நேராக 24 மீட்டர் கிடைக்கும். நான்கு லைன்களின் முனைகளையும் வளவுத் தூணில் ஒரே புள்ளியில் மாட்டுங்கள். இழுவை குறைக்கும் பட்டையை முழுதாகத் தளர்த்தி, பாரை முழுதும் உள்ளே இழுத்து, நான்கும் விறைக்கும்படி பிடியுங்கள். பல பார்களில் நான்கும் சமமாக வர வேண்டும். உங்களுடையதற்கு அந்தக் கம்பெனியின் கையேட்டைப் பாருங்கள். அதிக இழுவையைத் தாங்கும் முன் லைன்கள்தான் நாளடைவில் நீளும். அப்போது பின் லைன்கள் குறுகியதுபோல் ஆகி, பட்டம் பறக்கும்போதே துவண்டு பின்னோக்கி விழும். ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசத்தை முடிச்சில் சரிசெய்யலாம். அதற்கு மேலென்றால் லைன்களை மாற்றுங்கள்.

கடலிலிருந்து வந்ததும் பாரையும் ஹார்னஸையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். விடுவிப்புக்குள் ஒரு மணல் தங்கினாலும் அவசரத்தில் அது நகராது. பட்டத்தை முற்றத்து வெயிலில் காயப்போடாதீர்கள். பட்டாலை நிழலில் விரித்து, முழுதும் காய்ந்த பிறகு தளர்வாகச் சுருட்டி வையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும், வால்வின் ஒட்டும் விட்டுப்போகும்.