சென்னையிலிருந்து சவுதியின் புரைதாவுக்குக் குடிபோகிறேன். அந்தக் கட்டுப்பாடான ஊரில் ஒட்டிக்கொள்ள முடியுமா?

கேட்டவர் சென்னையில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு கணவர் வேலை பார்க்கும் புரைதாவுக்குப் போகிறாராம். சவுதியிலேயே அதுதான் ரொம்பப் பழமையான ஊர் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களாம்.

முடியும். உங்களைவிட உங்கள் கணவருக்குத்தான் கஷ்டம் என்பேன். பயமுறுத்துகிறவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களில் பெரும்பாலானோர் ஆண்களாகத்தான் இருப்பார்கள். அந்த ஊரின் வாழ்க்கை நடப்பது வீட்டுக்குள்ளே. அந்த வீடுகளுக்குள் போகிற வாய்ப்பு வெளியூர்ப் பெண்ணுக்கு உண்டு, வெளியூர் ஆணுக்கு முன்கூடத்தோடு சரி. நான் 2014-இல் போனேன், 2021-இல் திரும்பினேன். அங்கே ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லது. அல்-கஸீம் மாகாணத்தின் தலைநகர் புரைதா. ரியாத்திலிருந்து வடமேற்கே சுமார் 350 கிலோமீட்டர். 2017-இலிருந்து ரயிலும் போகிறது. சுற்றிலும் பேரீச்சந்தோட்டம், ஆகஸ்ட் செப்டம்பரில் பேரீச்சைச் சந்தை, அதில் ஸுக்கரி என்ற வகைக்குத்தான் ராஜமரியாதை. 1960-களின் தொடக்கத்தில் அரசு பெண்களுக்குப் பள்ளி திறக்க முடிவெடுத்தபோது, இந்த ஊரிலிருந்து பெருங்கூட்டம் திரண்டுபோய் எதிர்ப்புத் தெரிவித்தது. 1963-இல் பள்ளி திறக்கையில் பாதுகாப்புக்குப் படையை அனுப்ப வேண்டியிருந்தது. இந்தக் கதையை எனக்குச் சொன்னது என் மாணவி ஒருத்தி, சிரித்துக்கொண்டே. எதிர்த்தவர்களின் பேத்திகள் இன்று பட்டம் வாங்காமல் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதில்லை. இன்னொரு பக்கம், உகைலாத் என்று சொல்லப்படும் ஒட்டக வணிகர்கள் இந்த வட்டாரத்து ஆட்கள்தான். டமாஸ்கஸ், பாக்தாத், கெய்ரோ என்று தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தவர்கள். ஆகவே வெளியூர்க்காரரைக் கண்டால் மிரளுகிற ஊர் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தங்கள் வீட்டு வழக்கம் மாறக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதம் அதிகம்.

அடுத்தது சட்டம். செய்தியில் படித்ததை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள். ஊர் முதவ்வா என்று சொல்லும் மதக் காவலர்களுக்கு இருந்த கைது அதிகாரம் 2016-இல் போனது. 2018 ஜூன் 24-இலிருந்து பெண்கள் வண்டி ஓட்டலாம். உணவகங்களில் குடும்பங்களுக்கும் தனி ஆண்களுக்கும் வேறு வேறு வாசல் கட்டாயம் என்பது 2019 டிசம்பரில் நீங்கியது. உடைக்கு மேல் போடும் நீண்ட அங்கியான அபாயா கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானே 2018-இல் சொல்லிவிட்டார். இதெல்லாம் உண்மை. ரியாத்தில், ஜித்தாவில் உடனே கண்ணுக்குத் தெரிந்தது. புரைதாவில் நான் கிளம்பும்வரை கடைத்தெருவில் பழுப்பு நிற அபாயா போட்டவள் அநேகமாக ஒரு வெளிநாட்டுக்காரியாகவோ ரியாத்திலிருந்து வந்த விருந்தாளியாகவோதான் இருப்பாள். யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் பார்ப்பார்கள். முதல் மாதத்தில் அந்தப் பார்வையே போதும், வெளியே போகப் பிடிக்காமல் போய்விடும். அதனால் கறுப்பே போட்டுக்கொள்ளுங்கள், தலையை மூடிக்கொள்ளுங்கள். முகம் உங்கள் இஷ்டம். ஊர்ப்பெண்கள் பெரும்பாலும் நிகாப் போடுவார்கள். நான் போடவில்லை. ஆரம்பத்தில் ஒருசிலர் அன்பாகவே கேட்டார்கள், "எங்கள் பக்கம் பழக்கமில்லை" என்றேன், முடிந்தது. எதில் விட்டுக்கொடுப்பீர்கள், எதில் மாட்டீர்கள் என்பதைப் போன உடனே முடிவுசெய்துவிட்டு அதிலேயே நில்லுங்கள். இன்று ஒன்று, நாளைக்கு ஒன்று என்று இருப்பவர்களைத்தான் அவர்களுக்குப் புரிவதில்லை.

தொழுகை நேரம் பழகிவிடும். நான் போன காலத்தில் பாங்கு சொன்னதும் கடை ஷட்டர் இறங்கிவிடும், அரை மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டியதுதான். 2021-க்குப் பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்துவிட்டது. ஆனாலும் ஊரின் கடிகாரம் தொழுகையை வைத்துத்தான் ஓடுகிறது. சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்கும் இரவுத் தொழுகையான இஷாவுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம், ரமலானில் அது இரண்டு மணி நேரம். "இஷாவுக்குப் பிறகு வருகிறேன்" என்றுதான் யாரும் சொல்வார்கள், எட்டு மணிக்கு என்று சொல்ல மாட்டார்கள். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

இனி வீட்டுக்குள். முதல் அழைப்பு பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து வரும், பிள்ளைகள் வழியாக. உங்கள் பெயரைக் கேட்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். உங்கள் குழந்தையின் பெயரோடு உம்மு, அதாவது அம்மா, என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். என் மகள் பெயர் நிலா. ஏழு வருடம் நான் அங்கே உம்மு நிலா. ஆண்கள் தங்கள் மனைவியின் பெயரை வெளியே உச்சரிக்கவே மாட்டார்கள். நம் பாட்டி தாத்தாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். அங்கே தாத்தா பாட்டியின் பெயரைச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான். எனவே உங்கள் கணவர் அலுவலகத்தில் "உங்கள் மனைவி நலமா" என்று யாரையும் கேட்கக் கூடாது. "வீட்டில் எல்லோரும் நலமா" என்று கேட்டால் போதும்.

போனதும் அபாயாவைக் கழற்றி மாட்டுவார்கள். இங்கேதான் சென்னைப் பெண்கள் அசந்துபோவார்கள். உள்ளே ஒவ்வொருத்தியும் அப்படி ஓர் அலங்காரத்தில் இருப்பாள். நீங்கள் அபாயா மூடிவிடுமே என்று பழைய சுடிதாரில் போய் உட்கார்ந்தால் அவர்களை மதிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். நல்ல பட்டுப்புடவை இரண்டு எடுத்துப்போங்கள். புடவைக்கு அங்கே இருக்கிற மவுசு சென்னையில்கூட இல்லை. இடுப்பு தெரியாமல் கட்டினால் சரி.

காபி வரும். நம் காபி இல்லை, வெளிர் மஞ்சளாக, ஏலக்காய் வாசத்தோடு, சில வீடுகளில் குங்குமப்பூவும் போட்டு. கூடவே பேரீச்சை. ஊற்றுகிறவர் இடது கையில் பாத்திரத்தைப் பிடித்து வலது கையால் சின்னக் கோப்பையை நீட்டுவார். அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார். நிறைய ஊற்றினால் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று பொருள். வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எந்தப் பொருளையும் "எவ்வளவு அழகு" என்று மூன்று தடவை புகழாதீர்கள், கையோடு கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மறுக்கவும் முடியாது. சாப்பாட்டுத் தட்டு வந்தால் காலியாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். இது நமக்குத் தெரிந்ததுதானே. ரமலானில் மஃரிபுக்கு முன்னால் நான் மெதுவடை போட்டு மூன்று வீட்டுக்கு அனுப்புவேன். அங்கேயிருந்து சம்பூசாவும் ஓட்ஸ் சூப்பும் வரும். அரபி இல்லாமல் கிடைத்த என் முதல் சிநேகிதம் வடையால் வந்தது.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அவசியம் போங்கள். பெண்கள் மண்டபம் தனி. இரவு பதினொரு மணிக்குத்தான் களைகட்டும். சாப்பாடு ஒரு மணி, இரண்டு மணிக்கு. பாடுகிறவர், தம்பட்டம் தட்டுகிறவர், ஆடுகிறவர் எல்லோரும் பெண்கள். அம்மாவும் மகளும் மாமியாரும் ஒரே மேடையில் ஆடுவார்கள். அம்மாதிரி ஓர் ஆட்டத்தை நான் நம் ஊர்க் கல்யாணத்தில் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை வருகிறார் என்று மைக்கில் சொன்னால் மண்டபம் ஒரே நிமிஷத்தில் கறுப்பாகிவிடும். அவர் போனதும் மறுபடி ஆட்டம். வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வாங்காவிட்டாலும் படம் எடுக்காதீர்கள். கூட்டத்தில் ஒரு பெண்ணின் முகம் விழுந்த படம் வெளியே போனால் அந்தக் குடும்பத்தில் என்னவெல்லாமோ நடக்கும். சட்டப்படியும் வம்பு. கைப்பேசிக் கேமராவால் அந்தரங்கத்தை மீறினால் 1 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரியால் வரை அபராதம் என்று 2007-இலிருந்தே இருக்கிறது.

கைக்குழந்தை இருப்பது உங்களுக்குப் பெரிய பலம். யார் வீட்டிலும் தூக்கிக்கொள்வார்கள், முத்தமிடுவார்கள். நீங்களும் அவர்கள் குழந்தையைப் பார்த்ததும் முதலில் மாஷா அல்லாஹ் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் "கொழுகொழு" என்று ரசித்தால் திருஷ்டி பட்டுவிடும் என்று தாய்க்கு நெஞ்சு படபடக்கும். அதே சமயம் நம் பக்கத் திருஷ்டிப் பரிகாரம் எதுவும் அங்கே எடுபடாது. இடுப்பில் கறுப்புக் கயிறு, கழுத்தில் தாயத்து இதையெல்லாம் இணைவைத்தலாகப் பார்ப்பார்கள், சிலர் சூனியம் என்றே சந்தேகப்படுவார்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உடைக்கு உள்ளே இருக்கட்டும். கன்னத்துப் பொட்டு வீட்டோடு நிற்கட்டும்.

நீங்கள் முஸ்லிமா என்ற கேள்வி இரண்டாவது சந்திப்புக்குள் வந்துவிடும். நான் இந்து என்று சொன்னேன். சிலர் முகம் சுருங்கியது, மறைக்க மாட்டேன். பலர் எனக்காகக் கவலைப்பட்டார்கள், உண்மையாகவே. தமிழிலேயே அச்சடித்த புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன், விவாதம் பண்ணவில்லை. விவாதத்தில் ஜெயித்தால்கூட அடுத்த வாரம் காபிக்குக் கூப்பிட மாட்டார்கள். சாமி படம் வீட்டுக்குள், கண்ணில் படாத அலமாரியில். மணி அடிக்காமல் விளக்கேற்றிக்கொள்ளலாம். பிற மதத்தினர் வெளியே வழிபட அங்கே அனுமதி கிடையாது. இது எனக்குக் கடைசிவரை உறுத்தல்தான். பொங்கலுக்கு வாசலில் கோலம் போட முடியாததெல்லாம் பழகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கணவரின் நிலைமைக்கு வருகிறேன். அவரையும் விருந்துக்குக் கூப்பிடுவார்கள், தெருப்பக்கம் தனி வாசல் உள்ள ஆண்கள் கூடத்துக்கு. பெரிய தாம்பாளத்தில் கப்ஸா, சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பாடு. பேச்சு வேலை, கால்பந்து, மழை. அதற்கு மேல் உள்ளே கதவு திறக்காது. நானும் என் நெருங்கிய சிநேகிதியும் இத்தனை வருடம் பழகினோம், அவள் கணவரை என் கணவருக்குத் தெரியும், ஆனால் நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை. தம்பதியாகச் சேர்ந்து சிநேகம் பிடிக்கிற சென்னை வழக்கத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். லிஃப்டில் தனியாக ஒரு பெண் நின்றால் ஆண்கள் ஏறாமல் அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். அவரும் அதையே செய்யட்டும். யார் வீட்டுக்குள் போனாலும் வாசலில் தொண்டையைச் செருமி, குரல் கொடுத்துவிட்டு நுழையச் சொல்லுங்கள்.

எனக்கு ஊர்க்காரர்களைவிட நம்மவர்களால்தான் தொல்லை அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யார் மனைவி முக்காடு நழுவ நடந்தாள், யார் சவுதிக்காரி வீட்டில் என்ன சாப்பிட்டாள் என்று வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் கணக்கெடுப்பார்கள். தமிழர் சிநேகம் வேண்டும், பண்டிகைக்கும் பிரசவத்துக்கும் அவர்கள்தான் வருவார்கள். ஆனால் வாரம் முழுக்க அதிலேயே கிடந்தால் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாமலே திரும்பிவிடுவீர்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. குடும்பத்தோடு இருப்பதற்கு ஆளுக்கு மாதம் 100 ரியால் என்று 2017 ஜூலையில் ஒரு கட்டணம் தொடங்கி, 2020-இல் அது 400 ஆனது. இக்காமா என்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டும். உங்களுக்கும் குழந்தைக்கும் சேர்த்து நிறுவனம் கட்டுகிறதா, சம்பளத்தில் போகிறதா என்று கிளம்புமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் கட்டடத்தில் இந்தக் கட்டணத்துக்காகவே குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்பின.

பெட்டி கட்டும்போது கசகசா ஒரு சிட்டிகைகூட வேண்டாம், அரைத்த குருமாப் பொடியில் கலந்தும் வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் கணக்கு. குழந்தையின் மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும். அபாயா சென்னையில் வாங்காதீர்கள். இங்கே கிடைக்கும் துணி அந்த வெயிலுக்குத் தாங்காது, அங்கே போய் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். விமானத்தில் இறங்குவதற்கு மட்டும் யாரிடமாவது ஒன்று இரவல் வாங்குங்கள். ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனம்தானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஜனவரி இரவில் அங்கே பல் கிட்டித்துப்போகும்.