எழுந்துபோக விடும் விளையாட்டு எது?

கேள்வி: எனக்கு வயது 34. மகள் தூங்கிய பிறகு இரவில் ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கிறது. அந்த நேரத்தில் வெளிநாட்டில் இருக்கும் தம்பியோடு ஆன்லைனில் விளையாடுகிறேன். ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர் என்று மோதும் விளையாட்டு. ஓர் ஆட்டம் முடிய 40 நிமிடம்கூட ஆகிறது. பத்து மாதமாக ஆடியும் வெற்றியும் தோல்வியும் பாதிக்குப் பாதிதான். எதிரியை நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அடிபட்டு விழுகிறேன். திரையின் ஓரத்தில் எப்போதும் 210 என்று ஓர் எண் சிவப்பில் தெரிகிறது. போன மாதம் மகள் அழுததால் நடுவில் எழுந்துபோனேன். திரும்பி வந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் வாய்ஸ் சாட்டில் காதால் கேட்க முடியாத வார்த்தைகளால் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். பாதியில் போனதற்காகச் சில நாள் ஆடத் தடையும் விழுந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் ஆடி முடித்தால் விளையாட்டுக்குள் பரிசுப் பொருட்கள் தரும் சீசன் பாஸைக் காசு கொடுத்து வாங்கிவிட்டதால், ஒருநாள் நுழையாவிட்டாலும் காசு வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்கிறது. முன்பு நாங்கள் கட்டைகளை வெட்டி அடுக்கி வீடு கட்டும் மைன்கிராஃப்ட் ஆடுவோம். ஒருமுறை அதில் இரவைத் தூங்கிக் கடக்கக் கட்டில் செய்யக் கம்பளி கிடைக்காமல், மலையில் குழி தோண்டி, வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு விடியும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றித் தம்பி அன்றுதான் முதன்முதலாக விசாரித்தான். நான் இன்னும் பயிற்சி எடுக்க வேண்டுமா, வேறு விளையாட்டுக்கு மாற வேண்டுமா, அல்லது இந்த வயதில் இதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

வயதைப் பற்றிய கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். நாள் முழுவதும் உழைத்துவிட்டு ஒரு மணி நேரம் தம்பியோடு விளையாட யாரிடமும் நீங்கள் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, அந்தச் சிவப்பு 210. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். பத்து மாதமாக உங்கள் கை மெதுவானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த எண்ணுக்குப் பிங் என்று பெயர். உங்கள் கருவியிலிருந்து ஒரு செய்தி, விளையாட்டை நடத்தும் மையக் கணினியான சர்வருக்குப் போய்த் திரும்பி வர எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்பதை அது காட்டுகிறது. 210 என்றால் வினாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை அசைய, நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே ஏறக்குறைய கால் வினாடி ஆகும். ஆக, ஒவ்வொரு மோதலிலும் எதிராளிக்குக் கால் வினாடி ஆகிற வேலை, உங்களுக்குக் கிட்டத்தட்ட அரை வினாடி ஆகிறது. தம்பி இருக்கும் பகுதியின் சர்வரில் நீங்கள் போய்ச் சேர்ந்து ஆடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இன்னும் வேகமான இணைய இணைப்பு வாங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடலுக்கடியில் கேபிளுக்குள் ஓடும் ஒளிக்கு அந்தத் தூரத்தைக் கடந்தே ஆக வேண்டும். கூடுதல் பணத்தால் தூரம் குறையாது. இருவருக்கும் நடுவில் உள்ள ஒரு பகுதியின் சர்வரைத் தேர்ந்தெடுக்க அந்த விளையாட்டு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தால், சுமை இருவருக்கும் பங்காகும். கொடுக்காவிட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவாகும் விளையாட்டுகள் உங்கள் இருவருக்குமே பொருந்தாதவை. அதை உங்கள் குறையாகச் சுமக்காதீர்கள்.

பாதிக்குப் பாதி தோற்பதும் அப்படித்தான். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால், ‘இன்னும் பயிற்சி எடுக்க வேண்டுமா’ என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாட் ஏலோ என்பவர் சதுரங்க வீரர்களின் பலத்தை எண்ணால் அளக்க ஒரு முறையை உருவாக்கினார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஜெயித்தால் உங்கள் எண் ஏறும், தோற்றால் இறங்கும். உங்களைவிடப் பலமானவரை வென்றால் அதிகமாக ஏறும். இன்று ஆன்லைனில் ஆள் பிடித்து ஆட்டம் அமைக்கும் ஏற்பாடுகள் பலவும் இந்த யோசனையின் வாரிசுகள்தான். உங்களுக்குச் சமமானவர்களைத் தேடி எதிரே நிறுத்துவதுதான் அவற்றின் வேலை. அந்த வேலை ஒழுங்காக நடந்தால் நீங்கள் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்பீர்கள். நாளைக்கே பயிற்சி எடுத்து இரு மடங்கு திறமை பெற்றாலும், சில வாரங்களில் அதே அளவு திறமையுள்ளவர்கள் எதிரே வந்து நிற்பார்கள். மறுபடியும் பாதிக்குப் பாதி. ஏணியில் உங்கள் இடம் உயர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே, ஜெயிக்கலாம் என்பதற்காகப் பயிற்சி எடுக்காதீர்கள். பயிற்சியே இனிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே குறியை நூறு முறை சுட்டுப் பார்ப்பதில் அவர்களுக்கு நிறைவு கிடைக்கிறது. அவர்களுக்கு அது சரி. உங்கள் கடிதத்தில் அந்த ருசி எங்கேயும் தென்படவில்லை.

இனி, மகள் அழுத இரவுக்கு வருகிறேன். அந்த மனிதர் உங்களைப் பேசிய பேச்சுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அவரைப் பற்றிப் புகார் செய்யுங்கள், மியூட் செய்யுங்கள், தெரியாதவர்களோடான வாய்ஸ் சாட்டையே அணைத்துவிடுங்கள். தம்பியோடு பேசுவதற்குத் தனியாக ஓர் அழைப்பு போதும். ஆனால், தடை விழுந்ததை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஐந்து பேரில் ஒருவர் எழுந்துபோனால் மீதி நான்கு பேரின் 40 நிமிடமும் பாழாகிறது. அந்த நால்வரில் ஒருவருக்கும் உங்களைப் போல அன்று அந்த ஒரு மணி நேரம்தான் கிடைத்திருக்கலாம். குழந்தை அழுதால் தாய் எழுந்துதான் போவாள். அப்படி எழுந்து போனால் குற்றமாகிவிடும் ஓர் இடத்தில் நீங்கள் உட்கார்ந்ததுதான் தவறிய இடம்.

அதனால், பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் வாசலைத்தான் என்பேன். படம் அழகாக இருக்கிறதா, எல்லோரும் ஆடுகிறார்களா என்பதெல்லாம் பிறகு. நடுவில் எழுந்து போனால் யாருக்கு நஷ்டம், எவ்வளவு நஷ்டம் என்று கேளுங்கள். ஸ்பிளட்டூனில் தரையை வண்ண மையால் நிரப்பும் ஆட்டம் 3 நிமிடத்தில் முடிகிறது. கார்களை ஓட்டிக் கால்பந்து ஆடும் ராக்கெட் லீக்கில் கடிகாரம் 5 நிமிடத்துக்கு ஓடும். சமனில் நின்றால் கொஞ்சம் நீளும். தம்பி இல்லாத இரவுகளில் தனியாக ஆட இவை நல்லவை. ஐந்து நிமிடம் கதவருகே காதை வைத்துக்கொண்டு ஆடலாம். எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஆடுபவை இன்னும் பொறுமையானவை. டீப் ராக் கேலக்டிக்கில் நான்கு குள்ளர்கள் சுரங்கத்துக்குள் இறங்கிக் கனிமம் வெட்டுகிறார்கள். எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கேற்ப எதிரிகளின் பலத்தை விளையாட்டே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. ஒருவர் போனாலும் மற்றவர்கள் தொடரலாம். எதிர் அணி என்று ஒன்று இல்லாததால் யாரும் உங்களால் தோற்றதாகக் கணக்கு எழுத மாட்டார்கள்.

ஆறப்போட்டு ஆடுகிற விளையாட்டும் உண்டு. நான் ஒரு பழைய தோழியோடு, ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம் என்ற கணக்கில் ஆன்லைனில் சதுரங்கம் ஆடுகிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி போனைத் திறப்பேன். இரவில் அவர் குதிரையை நகர்த்தியிருப்பார். நன்றாக இருக்கிறார், யோசிக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். என் மந்திரியை எங்கே வைப்பது என்று நாள் முழுவதும் அவ்வப்போது நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒரே நேரத்தில் இருவரும் உட்கார முடியாத வாரங்களில் நீங்களும் தம்பியும் இதை ஆடிப் பார்க்கலாம்.

சீசன் பாஸ் விஷயத்தில் என் கருத்து கறாரானது. முடிந்ததும் மறுபடி வாங்காதீர்கள். பணம் கொடுத்து வாங்குவது பொருளை அல்ல. இத்தனை நாளுக்குள் இத்தனை ஆட்டம் ஆடினால் பொருள் கிடைக்கும் என்ற வாய்ப்பை. அதாவது, காசையும் கொடுத்து வேலையையும் தலையில் ஏற்றிக்கொள்கிறோம். சீசன் முடிந்தால் போய்விடும் என்ற பயம் இருப்பதால்தான் அலுத்த நாளிலும் நம் கை தானாக அங்கே போகிறது. கொடுத்த காசு போனதுதான். அதை மீட்கப் போய் உங்கள் இரவுகளையும் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்தக் குழிக்கு வருகிறேன். உங்கள் நீண்ட கடிதத்தில் சந்தோஷமாக எழுதப்பட்டவை அந்த ஓரிரு வரிகள் மட்டுமே. மைன்கிராஃப்டில் ஒரு முழு நாள் 20 நிமிடம். இருட்டு என்பது அதில் ஏழெட்டு நிமிடம்தான். சதுரச் சூரியன் மறைந்து, வெளியே அரக்கர்கள் உலவ, செய்வதற்கு வேறு வேலை எதுவும் இல்லாமல் இருவரும் மண்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஏழெட்டு நிமிடத்தில்தான் தம்பிக்கு அம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்திருக்கிறது. பத்து மாதம் ஆடிய மற்றதில் அப்படி ஒரு பேச்சு நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. நடந்திருக்கவும் முடியாது, அங்கே பேச இடைவெளியே கிடையாது.

ரிச்சர்ட் பார்ட்டில் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978-ல் தொடங்கிய, பலர் ஒன்றுகூடி ஆடும், படமில்லாமல் எழுத்தால் மட்டுமே நடக்கும் கணினி விளையாட்டை அவரோடு சேர்ந்து வளர்த்தெடுத்தவர். இப்படிப்பட்ட உலகங்களுக்கு வருகிறவர்களை அவர் 1996-ல் நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், மனிதர்களோடு இருக்க வருபவர்கள், மற்றவர்களை வீழ்த்த வருபவர்கள். யாரும் முழுக்க ஒரே வகையாக இருப்பதில்லை. ஆனாலும், நீங்கள் மூன்றாவது வகை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வீழ்த்த வருகிறவர்களுக்காகப் போட்ட களத்தில் போய், நமக்கு ஏன் இது இனிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் தம்பி வேறு வகையாக இருக்கலாம். அதில் தவறில்லை. அவன் தன் அணியோடு ஆடும் இரவுகள் அவனுக்கு இருக்கட்டும்.

அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். அக்காவுக்கு ஆடத் தெரியவில்லை, அதனால் விலகுகிறாள் என்று அவன் எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று இருக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: “தம்பி, அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, உன்னோடு ஆடுவது பிடித்திருக்கிறது. வாரத்தில் ஒருநாள் நம் பழைய உலகத்துக்கு வா.” கிழமையையும் நேரத்தையும் நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள். ‘எப்போதாவது ஆடலாம்’ என்று விட்டால் நடக்காது. அங்கே பிங் 210 இருந்தாலும் கட்டை வெட்டுவதிலும் சுவர் எழுப்புவதிலும் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. மகள் அழுதால் போய்த் தூங்க வைத்துவிட்டு வாருங்கள். அவன் கூரை வேய்ந்துகொண்டிருப்பான்.

அலுத்துவிட்டால் மாற்றிக்கொள்ள ஸ்டார்டியூ வேலி இருக்கிறது. அதில் பண்ணை ஒன்றைச் சேர்ந்து நடத்தலாம். அங்கே ஒரு நாள் சுமார் 14 நிமிடத்தில் முடியும். எல்லோரும் படுக்கைக்குப் போனால்தான் மறுநாள் பிறக்கும் என்பதால், இரண்டு நாள் ஆடிவிட்டு நிறுத்துவோம் என்று பேசி வைத்துக்கொள்வது சுலபம். ஒன்றைக் கவனியுங்கள்: பண்ணையை யார் தொடங்கினாரோ அவர் திறந்தால்தான் மற்றவர் உள்ளே போக முடியும். நேரம் கிடைப்பது உங்களுக்குத்தான் அரிது. எனவே பண்ணை உங்கள் பெயரில் இருக்கட்டும்.

அதே போல, உங்கள் மைன்கிராஃப்ட் உலகம் யாருடைய கணினியில் இருக்கிறது என்று தம்பியிடம் கேளுங்கள். அவனுடையதில் என்றால், அந்தக் கோப்புறையை ஒரு பிரதி எடுத்து உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மலையில் நீங்கள் தோண்டிய அந்தக் குழி அதற்குள்தான் இருக்கிறது.