அந்தப் பொண்ணுகிட்ட யாரு கேட்டா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

திருச்சியிலருந்து எழுதறேன், வயசு நாற்பத்தஞ்சாச்சு. காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப அமெரிக்கன் பைங்கற ஹாலிவுட் டீன் காமெடிப் படத்தோட சிடி கைமாறி கைமாறி எங்க ரூமுக்கு வந்துது, அன்னிக்கு ராத்திரி நாங்க சிரிச்ச சிரிப்பு வார்டன் வந்து கதவைத் தட்டற அளவுக்கு இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த மாதிரி படங்களா தேடித்தேடி பாத்தேன், அதுல எனக்கு ரொம்ப புடிச்சது 1984-ல வந்த சிக்ஸ்டீன் கேண்டில்ஸ். போன மாசம் ப்ளஸ் டூ படிக்கற என் பொண்ணோட உக்காந்து அத திரும்ப பாத்தேன். முதல் பாதி நல்லா சிரிச்சா. அப்புறம் அமைதியாயிட்டா. படம் முடிஞ்சதும் "அந்தப் பொண்ணு தூங்கிட்டுதானப்பா இருந்தா, அவகிட்ட யாரு கேட்டா?"ன்னு கேட்டா. அந்தக் காலம் அப்படித்தான்மான்னு சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லாம எழுந்து போயிட்டா.

எனக்கு மனசு கேக்கல சார். இப்ப இருக்கற பசங்க எதுக்கெடுத்தாலும் மனசு புண்படறாங்களா, இல்ல நாங்கதான் கண்ண மூடிட்டு பாத்தோமா? இந்தப் படமெல்லாம் இனிமே பாக்கவே கூடாதா? எடுத்தே போட்டுடணுமா?

– ஒரு அப்பா, திருச்சி

வணக்கம்,

உங்க பொண்ணு கேட்டது சரியான கேள்வி. அதுக்கு நீங்க சொன்ன பதில்தான் பத்தல, ஏன்னு விளக்கமாவே எழுதறேன்.

முதல்ல அந்த சீன்ல என்ன நடக்குதுன்னு மத்தவங்களுக்காக சொல்லிடறேன். படத்தோட ஹீரோ ஜேக், அழகான, பணக்காரப் பையன், எல்லா பொண்ணுங்களுக்கும் கனவு நாயகன். அவன் வீட்டு பார்ட்டியில அவனோட கேர்ள்ஃபிரண்ட் கேரலைன் குடிச்சுட்டு நினைவில்லாம மாடியில கிடக்கறா. கீழ உக்காந்து ஜேக் ஒரு ஒன்பதாவது பையன்கிட்ட பேசிட்டிருக்கான், நான் நினைச்சா அவள என்ன வேணாலும் பண்ணலாம்னு வாயால சொல்றான், ஆனா இஷ்டமில்லயாம், மனசு இப்ப கதாநாயகி சமாந்தா பக்கம் போயிடுச்சு. அந்தச் சின்னப் பையன்கிட்ட சமாந்தாவோட உள்ளாடை ஒண்ணு இருக்கு, அத எனக்குக் குடு, பதிலுக்கு நீ கேரலைன கூட்டிட்டுப் போன்னு டீல் பேசறான். அப்பாவோட ரோல்ஸ் ராய்ஸ்ல அவள ஏத்தி அனுப்பறான். அவ இருக்கற போதையில யார் கூட போறோம்னே அவளுக்குத் தெரியாது, அதையும் படம் காமெடியாத்தான் வெச்சிருக்கு. பையன் நண்பர்கள கூப்ட்டு அவ பக்கத்துல போஸ் குடுத்து போட்டோ எடுத்துக்கறான். காலையில ரெண்டு பேருக்கும் ராத்திரி என்ன நடந்துச்சுன்னு ஞாபகமில்ல, ஏதோ நடந்திருக்கும்னு அவங்களே முடிவு பண்ணிக்கறாங்க. உனக்கு புடிச்சிருந்துதான்னு அவன் கேக்கறான். புடிச்சிருந்துச்சுன்னுதான் தோணுதுன்னு அவ சொல்றா.

உங்க பொண்ணு அமைதியானது இந்த இடத்துலதான்னு நினைக்கறேன், நீங்க அந்த வயசுல பாத்தப்ப அமைதியாகாம இருந்ததுக்கும் இதே இடம்தான் காரணம். அவ அப்படிச் சொல்லிட்டா இல்லயா, அதோட நமக்கு நிம்மதி, அடுத்த ஜோக்குக்குப் போயிடலாம். அவ வாயில அந்த வசனத்த வெச்சது யாரு? எழுதினவரு. ராத்திரி கேக்காம விட்ட சம்மதத்த காலையில அவளே குடுத்த மாதிரி எழுதி கணக்க நேர் பண்ணிட்டாரு.

இத ஒருதடவ கவனிச்சுட்டீங்கன்னா அப்புறம் எல்லாப் படத்துலயும் கண்ணுல படும். அதே 1984-ல வந்த ரிவெஞ்ச் ஆஃப் தி நெர்ட்ஸ், காலேஜ் கதை, பட் அதே ஜாதிப் படம்தான். அதுல நம்ம பரிதாபத்துக்குரிய ஹீரோ ஒரு பொண்ணோட காதலன் போட்டிருந்த முகமூடிய மாட்டிக்கிட்டு போய் அவகூட படுக்கறான், அவ தன் ஆளுதான்னு நம்பிட்டிருக்கா. முகமூடிய கழட்டினதும் அவ கத்தறாளா, போலீசுக்குப் போறாளா, இல்ல, அவன் மேல காதல் வந்துடுது. அந்தப் படத்தோட டைரக்டர் ஜெஃப் கேனியூவே பல வருஷம் கழிச்சு ஒரு பேட்டியில அந்த சீனுக்காக வருத்தப்பட்டிருக்காரு. அமெரிக்கன் பையில எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட்டா வந்த நாடியா ட்ரெஸ் மாத்தறத ஹீரோ ஜிம் அவளுக்குத் தெரியாம வெப்கேம் வெச்சு நண்பர்களோட பாக்கறான், லிங்க் தப்பா பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் போயிடுது. விஷயம் தெரிஞ்சு அவள ஊருக்குத் திருப்பி அனுப்பிடறாங்க. படம் அழறது ஜிம்முக்காக மட்டும்தான், பாவம் அவனுக்கு மானம் போச்சேன்னு. 2001-ல வந்த ரெண்டாம் பாகத்துல நாடியா திரும்பி வர்றா, கோவத்தோட இல்ல, ஜிம் வேணும்னு வர்றா.

மூணு படம், மூணு பொண்ணு, மூணு பேரும் அடுத்த சீன்லயோ அடுத்த பாகத்துலயோ வந்து பரவால்லன்னு சொல்லிட்டுப் போறாங்க. இன்னிக்கு பாக்கற பசங்களுக்கு இந்தப் பரவால்ல செல்லுபடியாகறதில்ல, அவ்ளோதான் வித்தியாசம். ஏன்னா அவங்க இதோட நிஜத்த பாத்தவங்க. 2010-ல நியூஜெர்சியில ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல முதல் வருஷம் படிச்ச ஒரு பையன் இன்னொரு ஆணோட இருந்தத அவனோட ரூம்மேட் வெப்கேம்ல பாத்து அத இன்டர்நெட்ல மத்தவங்களுக்கும் சொன்னான், சில நாள்ல அந்தப் பையன் தற்கொலை பண்ணிக்கிட்டான். ஜிம் பண்ணினது கிட்டத்தட்ட இதேதான். நம்ம நாட்டுலயும் 2013-ல சட்டத்த திருத்தினதுலருந்து ஒரு பொண்ண அவளுக்குத் தெரியாம இப்படிப் பாக்கறதும் படம்புடிக்கறதும் ஜெயிலுக்கு அனுப்பற குற்றம். கையில போன் இருக்கற ஒவ்வொரு பதினேழு வயசுப் பொண்ணுக்கும் நாடியா ரொம்ப பக்கத்துல இருக்கற ஆளு, உங்களுக்கு அன்னிக்கு அவ எங்கயோ அமெரிக்காவுல இருந்த ஒரு அழகான பொண்ணு.

அடுத்து, அந்தக் காலம் அப்படித்தாங்கறது. இதத்தான் நான் ஒத்துக்க மாட்டேன், இது எனக்கு முக்கியமான விஷயம். சிக்ஸ்டீன் கேண்டில்ஸுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1982-ல, ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை வந்தாச்சு. எமி ஹெக்கர்லிங் டைரக்ட் பண்ணினது. அதுல ஸ்டேசின்னு பதினஞ்சு வயசுப் பொண்ணு, மால்ல ஒரு பீட்சா கடையில வேலை பாக்கறா. அவள விட பத்து வயசுக்கு மேல பெரிய ஒருத்தன் கூட முதல்தடவ போறா. அந்த சீன்ல கேமரா எங்க நிக்குதுன்னு பாருங்க, அவ படுத்திருக்கற இடத்துல நிக்குது, மேல கூரையில யாரோ கிறுக்கி வெச்சிருக்கற எழுத்த பாத்துட்டிருக்கு, ஏன்னா அவ அதத்தான் பாத்துட்டிருக்கா. அதுல சந்தோஷமும் இல்ல, பெரிய சோக மியூசிக்கும் இல்ல, எப்ப முடியும்னு இருக்கற ஒரு பொண்ணோட முகம் இருக்கு. அப்புறம் இன்னொரு பையனால கர்ப்பமாகறா. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவன் வரல. அண்ணன்கிட்ட வேற இடத்துக்குப் போறதா சொல்லி அவன் கார்ல போய் இறங்கிக்கறா, அவன் கார் கண்ணாடியில அவ ரோட்ட தாண்டி கிளினிக்குக்குப் போறத பாத்துடறான். வெளிய வர்றப்ப வாசல்ல நிக்கறான். ஒரு வார்த்த திட்டல, யாருன்னு வற்புறுத்தி கேக்கல, வீட்ல சொல்லவும் இல்ல. நாற்பது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த டீன் காமெடியில இது இருக்கு. அந்த அண்ணன் சீன் எனக்கு எத்தனதடவ பாத்தாலும் தொண்டைய அடைக்கும்.

இந்தப் படத்துக்கு அமெரிக்காவுல குடுத்தது ஆர் ரேட்டிங், அதாவது பெரியவங்க துணையில்லாம பசங்க பாக்கக் கூடாது. சிக்ஸ்டீன் கேண்டில்ஸுக்கு பிஜி, பெத்தவங்க பாத்து முடிவு பண்ணினா போதும், குடும்பத்தோட பாக்கலாம். உண்மையக் காட்டினது கூடாத படம், நினைவில்லாத பொண்ண கைமாத்தி விட்டது குடும்பப் படம். உடம்பு தெரியுதா, கெட்ட வார்த்த வருதான்னுதான் அவங்க எண்ணிட்டிருந்தாங்க, ஒருத்தர இன்னொருத்தர் எப்படி நடத்தறாங்கன்னு பாக்கல. நம்ம வீடுகள்லயும் இதே கொழப்பம் இருக்கு, ஆபாசம் வந்தா ரிமோட்ட தேடறோம், அநியாயம் வந்தா சிரிச்சுட்டு உக்காந்திருக்கோம். இப்ப இருக்கற பசங்க ரொம்ப புண்படறாங்கன்னு சொல்றவங்களுக்கு இதத்தான் சொல்லுவேன், இவங்க பாக்கற சீரீஸ்ல வர்ற செக்ஸ் ஜோக்குக்கு முன்னாடி அமெரிக்கன் பை ஒண்ணுமே இல்ல, ஜோக் பச்சையா இருக்கறது அவங்களுக்குப் பிரச்சனையே இல்ல.

அமெரிக்கன் பை வந்த அதே 1999-ல 10 திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ வந்துச்சு, எழுதினது ரெண்டு பெண்கள், கேரன் மெக்கல்லாவும் கிர்ஸ்டன் ஸ்மித்தும். அதுலயும் ஒரு பார்ட்டி, அதுலயும் ஒரு பொண்ணு குடிச்சுட்டு நிலைதடுமாறி நிக்கறா. பையன் அவ தூங்கிடாம பேச்சுக் குடுத்து பத்திரமா வீட்டுக்குக் கொண்டுவந்து விடறான், கார்ல அவளே முத்தம் குடுக்க வர்றா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு விலகிடறான். அவளுக்குக் கோவம். பாக்கற நமக்கு அவன் மேல ஆச வர்றதே அங்கதான். அவன் காசு வாங்கிட்டுதான் அவ பின்னாடி சுத்த ஆரம்பிச்சவன், அந்தத் தப்ப படம் சும்மா விடல, அவளுக்கு உண்மை தெரியவர்ற இடம் ஒரு பொண்ணோட நிஜமான அவமானமா இருக்கு. ஒரே வருஷம், ஒரே ஊரு சினிமா. அப்ப காலத்த குத்தம் சொல்லி என்ன பண்றது?

சரி, உங்களுக்கு சிக்ஸ்டீன் கேண்டில்ஸ் புடிச்சது தப்பான்னு உங்க மனசுல ஓடுது இல்ல. தப்பே இல்ல. ஜான் ஹியூஸ் டைரக்ட் பண்ணின முதல் படம் அது. பொறந்தநாள மொத்தக் குடும்பமும் மறந்துடுதுங்கற ஒரே வலியில ஒரு முழுப் படத்த ஓட்டினாரு, அப்பா ராத்திரி எழுந்து வந்து பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்கற சீன் இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு. பதினாறு வயசுப் பொண்ணோட வருத்தம் ஒரு படத்துக்குப் போதுமான விஷயம்னு அவரு நம்பினாரு, அது பெரிய விஷயம். ஆனா அந்த அக்கறைய சமாந்தாவுக்குக் குடுத்தவரு கேரலைனுக்குக் குடுக்கல. லாங் டக் டாங்னு வர்ற ஆசிய மாணவனுக்கும் குடுக்கல. அவன் வர்றப்பல்லாம் ஒரு கோங் (பெரிய வெண்கலத் தட்டு) சத்தம், உடைஞ்ச இங்கிலீஷ், பசி, பொண்ணு மேல வெறி, அவ்ளோதான் அந்த ஆளு. நடிச்ச கெடி வாட்டனாபே யூட்டாவுல பொறந்த அமெரிக்கர், அந்த உச்சரிப்பு அவரோடதே இல்ல. படம் வந்தப்புறம் அங்க படிச்ச ஆசியப் பசங்கள எத்தனையோ பள்ளிக்கூடத்துல அந்தப் பேர சொல்லி கூப்ட்டிருக்காங்க. நம்மாளுங்க பிள்ளைங்களும் அதே வகுப்புகள்ல பின்பெஞ்சுல உக்காந்திருந்தவங்கதான். அதனாலதான் 2020-ல நெவர் ஹேவ் ஐ எவர் வந்தப்ப, மைத்ரேயி ராமகிருஷ்ணன்ங்கற கனடா ஈழத்தமிழ்ப் பொண்ணு தேவியா வந்து கோவப்பட்டு, ஆசப்பட்டு, அப்பாவ நினைச்சு அழுதப்ப, எனக்கு அது வெறும் ஒரு காமெடி சீரீஸா தெரியல. ஜோக்குக்காக ஓரத்துல நிக்க வெச்சிருந்த பிள்ள நடுவுல வந்து பேச ஆரம்பிச்சுடுச்சு.

சமாந்தாவா நடிச்ச மாலி ரிங்வால்ட் இதப் பத்தி 2018-ல நியூயார்க்கர் பத்திரிகையில நீளமா எழுதியிருக்காங்க. ஹியூஸ் எடுத்து தான் நடிச்ச இன்னொரு படமான பிரேக்ஃபாஸ்ட் கிளப்ப தன் பொண்ணோட உக்காந்து பாத்ததுலருந்து தொடங்கின யோசனை அது. மேசைக்கு அடியில ஒளிஞ்சிருக்கற பையன் அவங்க பாவாடைக்குள்ள எட்டிப் பாக்கற சீன் அதுல இருக்கு. தன்ன நட்சத்திரமாக்கின மனுஷன், 2009-லயே செத்துட்டாரு, அவரத் திட்டித் தீத்துடவும் இல்ல, பூசி மெழுகவும் இல்ல. அந்தப் படத்தோட ஸ்கிரிப்ட்ல ஒரு டீச்சர் நீச்சல்குளத்துல துணியில்லாம நீந்தறத இன்னொரு வாத்தியார் ஒளிஞ்சு பாக்கற மாதிரி ஒரு சீன் இருந்துதாம், வேண்டாம்னு இவங்க அவர்கிட்ட சொன்னாங்க, அவரும் எடுத்துட்டாரு. அப்ப இவங்க டீன் ஏஜ் பொண்ணு. அந்தக் காலத்துலயே சொல்ல ஆள் இருந்துது, கேட்டா மாத்திக்கற மனசும் அவருக்கு இருந்துது. கேரலைன் சீன் எழுதினப்ப அப்படி யாராவது பக்கத்துல இருந்திருக்கக் கூடாதான்னு எனக்கு ஆதங்கமா இருக்கு.

எடுத்துப் போட்டுடணுமான்னு கேட்டீங்க. வேண்டாம். சீன வெட்டி புதுசா ரிலீஸ் பண்றதும் வேண்டாம். கேரலைன் சீன வெட்டிட்டா ஜேக் கறையில்லாத கனவு நாயகனாயிடுவான், அதவிட மோசம் ஒண்ணுமில்ல. படம் அப்படியே இருக்கட்டும், பாக்கறவங்க பாத்து பேசட்டும். ஆனா பதிமூணு வயசுப் பையன்கிட்ட அமெரிக்கன் பைய குடுத்துட்டு நீங்க வேற ரூமுக்குப் போயிடாதீங்க, அவன் ஜிம்மாத்தான் அத பாப்பான், நாடியாவா பாக்க பக்கத்துல ஒருத்தர் இருக்கணும்.

உங்க பொண்ணுகிட்ட அந்தக் காலம் அப்படின்னு சொன்னத மாத்தி, நீ கேட்டது சரி, எனக்கு அப்ப அது கண்ணுல படலன்னு நேரா சொல்லிடுங்க, அவகிட்ட அத சொல்றதுல ஒரு அப்பாவுக்கு கொறச்சல் ஒண்ணுமில்ல. அப்புறம் சேந்து பாக்க முதல்ல 10 திங்ஸ் எடுங்க, லேசானது, நல்லா சிரிக்கலாம். ஃபாஸ்ட் டைம்ஸ அடுத்து வெச்சுக்கங்க, அதுல நிர்வாணம் வருது, அவ பெரிய பொண்ணுதான், ஆனாலும் முன்னாடியே சொல்லிட்டு பாக்கறீங்களா வேண்டாமான்னு அவளையே முடிவு பண்ண விடுங்க. எதப் பாத்தாலும் அவ என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க, அவளே எழுதினா இன்னும் சந்தோஷம்.