பிள்ளைகளுடன் அலாஸ்கா நெடுஞ்சாலையில் கேம்பர் வேன் பயணம் சரிவருமா?

சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, படுக்கையும் சமையல் வசதியும் உள்ள கேம்பர் வேனில் அலாஸ்கா நெடுஞ்சாலை முழுவதும் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம், அவசரம் மட்டும் கூடாது.

1942-ல் போர்க்காலத் தேவைக்காக அமெரிக்க ராணுவம் போட்ட சாலை இது. கனடாவின் டாசன் க்ரீக்கில் தொடங்கி, அந்நாட்டின் யூகான் பிரதேசம் வழியாக அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை சுமார் 2,200 கி.மீ. இப்போது தார்ச்சாலைதான். ஆனால் குளூவானி ஏரியைத் தாண்டியதும், பீவர் க்ரீக் பக்கம், சாலை அலை அலையாக ஏறி இறங்கும். அடியிலுள்ள உறைமண் உருகித் தரை அமிழ்வதே காரணம். அங்கே மெதுவாக ஓட்டுங்கள். அலமாரிக் கதவுகளைப் பூட்டிவையுங்கள்.

ஒரு நாளைக்கு 300 கி.மீ. போதும் என்பது என் கருத்து. பிள்ளைகளுக்காக, வழியிலுள்ள லியார்ட் வெந்நீர் ஊற்றில் ஒரு நாள் முழுவதும் தங்குங்கள். சதுப்புக் காட்டின் நடுவே மரப்பலகைப் பாதையில் நடந்துபோய்க் குளிப்பதை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். அந்த வட்டாரத்தில் காட்டெருமைகள் சாலையிலேயே நிற்கும்; இருட்டில் ஓட்டாதீர்கள்.

ஜூனில் நள்ளிரவிலும் வானம் வெளுத்தே இருக்கும். ஜன்னலுக்குக் கனத்த திரை இல்லாவிட்டால் யாரும் தூங்க முடியாது.

பெட்ரோல் பங்க்குகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால் டேங்க் பாதியானதுமே நிரப்பிவிடுங்கள். கரடிகள் உள்ள இடம் என்பதால் சாப்பாடு, குப்பை, ஏன் பற்பசையைக்கூட வெளியே வைக்கக் கூடாது. பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.