ஐந்து வயதுக் குழந்தைக்கு அட்டவணை போட்டும் மூன்று நாளுக்கு மேல் நிற்கவில்லை. ஒழுங்கைப் பழக்குவது எப்படி?

கேள்வியில் நீங்கள் சொன்னது இதுதான்: மகன் இரவு பதினொன்று வரை தூங்குவதில்லை, காலையில் எழுப்பவும் பல் துலக்க வைக்கவும் தினமும் போராட்டம், சுவரில் ஒட்டிய அட்டவணை மூன்றே நாளில் வெறும் காகிதமாகிவிட்டது.

எங்கள் வீட்டிலும் அப்படி இரண்டு அட்டவணைகள் செத்திருக்கின்றன. மூத்தவளுக்கு இப்போது பதினொன்று, இளையவனுக்கு ஆறு. மகளுக்காக நான் போட்ட முதல் அட்டவணையில் 6.30 எழுதல், 6.40 பல், 6.50 குளியல் என்று வண்ணப் பேனாவில் எழுதியிருந்தேன். ரயில் நிலையத்தில்கூட அவ்வளவு நெருக்கமாக வண்டி விடமாட்டார்கள். ஒருநாள் கழிவறையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள், அன்றைக்கு மொத்தமும் சரிந்தது. அப்புறம் நான் கத்தினேன், அவள் அழுதாள்.

தப்பு அவளிடம் இல்லை. ஐந்து வயதில் ஏழே கால் என்பது வெறும் சத்தம். ஆனால் ‘பல் துலக்கியதும் கதை’ என்றால் அதே குழந்தைக்குத் துல்லியமாகப் புரியும். அதனால் கடிகாரத்தை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையிடம் வரிசையை மட்டும் கொடுங்கள். எதற்குப் பின் எது என்பது தினமும் மாறாமல் இருந்தால் போதும். பத்து நிமிடம் முன்பின் ஆனாலும் வரிசை உடையாது.

இரவிலிருந்து ஆரம்பியுங்கள். காலைச் சண்டையில் பாதி முந்தைய இரவின் பாக்கிதான். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, மூன்று முதல் ஐந்து வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் தேவை. உங்கள் மகன் பதினொன்றுக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம்தான் கிடைக்கிறது. பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து உட்காருவார்கள். குழந்தைகள் பல சமயம் அதற்கு நேர்மாறாகக் குதிப்பார்கள், சின்ன விஷயத்துக்கும் வெடிப்பார்கள். நாம் அதை அடம் என்று கணக்கு வைக்கிறோம்.

அதற்காக நாளையே எட்டரைக்குப் படுக்க வைத்தால் இரண்டு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான், படுக்கையே பிடிக்காமல் போகும். முதலில் எழும் நேரத்தை நிலைநிறுத்துங்கள். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ள வேண்டாம். எழுந்ததும் வெளிச்சத்துக்குக் கூட்டிவாருங்கள். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் இழுங்கள். மூன்று நான்கு வாரத்தில் உடல் கடிகாரம் வழிக்கு வரும்.

வரிசை குட்டியாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் நான்கே படி: முகம் கழுவுதல், பல், இரண்டு கதை, விளக்கணைப்பு. மொத்தம் அரை மணி நேரம். 405 தாய்மார்களையும் அவர்களுடைய சின்னக் குழந்தைகளையும் வைத்து நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி ஒரே மாதிரியான இரவு வரிசையைக் கடைப்பிடித்த இரண்டே வாரத்தில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுவில் எழுவதும் குறைந்தது. அம்மாக்களின் மனநிலையும் தேறியது. எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வரிதான்.

திரைகளை ஒரு மணி நேரம் முன்பே அணைப்பது நல்லது. அந்த வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதைத் தள்ளிப்போடும். இதில் மாட்டிக்கொண்டது நான்தான். ஒரு கையில் கதைப்புத்தகம், இன்னொரு கையில் போன். பக்கத்தை விட்டுவிட்டு வாசித்தேன் என்று மகன் பிடித்துவிட்டான்.

விளக்கு அணைந்த பிறகு வருவதுதான் பெரிய நாடகம். தண்ணீர் வேண்டும், மறுபடி மூத்திரம், அப்புறம் ‘அப்பா, ஒரே ஒரு டவுட்டு, டைனோசருக்குத் தும்மல் வருமா?’. இதற்கு எங்களைக் காப்பாற்றியது ஓர் அட்டைச் சீட்டு. என் கண்டுபிடிப்பு இல்லை, குழந்தை உளவியல் நிபுணர்கள் 1999-லேயே ஆய்வுசெய்து எழுதிய உத்தி. இரவுக்கு ஒரு சீட்டு. அதைக் கொடுத்தால் ஒருமுறை எழுந்து வரலாம், ஒரு சின்ன விஷயம் கேட்கலாம். சீட்டு போனால் கடை மூடியாச்சு. முதல் இரவு நான்கே நிமிடத்தில் செலவழித்துவிட்டு ஓவென்று அழுதான். நான்காவது இரவு சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்து, ‘அப்புறம் தேவைப்பட்டால் இருக்கட்டும்’ என்று சேமித்துக்கொண்டே தூங்கிப்போனான். சீட்டு கையில் இருப்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது போல.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் நிலைமை இன்னும் மோசமாகும். இதுவரை அழுதால் கிடைத்தது கிடைக்கவில்லை என்றால் குழந்தை இன்னும் பலமாக அழுது பார்க்கும். அந்த நேரத்தில் ‘சரி, இன்னைக்கு மட்டும்’ என்று இறங்கிவிட்டால், எவ்வளவு அழ வேண்டும் என்ற அளவை நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். தாத்தா பாட்டி கூட இருந்தால் அவர்களிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். அட்டவணை சாகும் இடங்களில் அதுவும் ஒன்று.

நட்சத்திர ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மகளுக்குப் பல் துலக்கினால் ஒரு நட்சத்திரம் என்று வைத்தோம். இரண்டு வாரம் அமோகமாக ஓடியது. ஒருநாள் படுக்கையில் இருந்தபடியே, ‘இன்னைக்கு எனக்கு ஸ்டார் வேண்டாம்பா, துலக்கலை’ என்றாள். என்ன பதில் சொல்வது? வியாபாரம் என்றால் அவள் சொன்னது நியாயம்தானே. 1973-இல் வெளியான ஒரு பிரபலமான ஆய்வும் இதையே காட்டியது: படம் வரைய விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தார்கள், பிறகு அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனது. கழிவறைப் பழக்கம் போல் புதிதாகத் தொடங்கும் ஒன்றுக்குச் சில நாள் உந்துதலாக ஸ்டிக்கர் உதவலாம். தினசரிக்கு வேண்டாம். பல் விஷயத்தில் கூடுதலாக ஒன்று, ஏழெட்டு வயது வரை பெரியவர் கை கூடவே இருக்கட்டும். சின்னக் கைக்குக் கடைவாய்ப் பல் எட்டாது.

காலைக்கு அதிகம் சொல்ல இல்லை. பையும் உடையும் இரவே தயாராக இருக்க வேண்டும். ‘கிளம்புகிறாயா?’ என்று கேட்காதீர்கள், ‘மாட்டேன்’ என்று சொல்ல நாமே கதவு திறக்கிறோம். ‘முதலில் சட்டையா, சாக்ஸா?’ என்று கேளுங்கள். சாப்பாட்டில், எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த பிரிவினை நன்றாக வேலை செய்கிறது: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பது குழந்தை பொறுப்பு. ‘இன்னும் ரெண்டே வாய்’ என்பதை விடுவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது. ஓடி ஆடும் நேரத்தையும் மறக்க வேண்டாம். ஐந்து வயதுக்கு மேல் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மாலையில் ஓடிய குழந்தை இரவில் உங்களோடு பேரம் பேசாது.

வரிசை சரியாக இருந்தும், போதுமான நேரம் தூங்கியும், பகலில் களைப்பாகவே இருந்தால், அல்லது தினமும் குறட்டை விட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது பழக்கத்தால் தீராது.

எத்தனை நாளில் ஒட்டும் என்று கேட்டிருந்தீர்கள். எல்லோரும் 21 நாள் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18-இல் இருந்து 254 நாள் வரை. பெரியவர்களுக்கே இந்த நிலை என்றால் ஐந்து வயதுக்காரனுக்கு மூன்று நாள் கொடுத்தது கொஞ்சம் அநியாயம். நடுவில் ஒருநாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள்.

போன மாதம் மகனுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் எங்கள் படுக்கையில், நினைத்த நேரத்தில் தூக்கம், கையில் கார்ட்டூன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். தேறிய மூன்றாம் நாள் இரவு அவனே அலமாரியைக் குடைந்து பழைய சீட்டை எடுத்துவந்து நின்றான். ஓரமெல்லாம் கசங்கிக் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று வெட்டிக் கொடுத்தேன்.