டி.டி.எஸ். எண் சொல்லாதது: தண்ணீர் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டுக் குழாய்த் தண்ணீரில் மீட்டர் வைத்தால் டி.டி.எஸ். (கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 420 காட்டுகிறது. 'கடினமான தண்ணீர், ஆர்.ஓ. (சவ்வு வழியே வடிகட்டும் கருவி) கட்டாயம் வேண்டும்' என்கிறார் கருவி விற்க வந்தவர். வாங்கலாமா?

பதில்: அந்த 420-ஐ வைத்து கடினத்தன்மையைச் சொல்லவே முடியாது. மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை மட்டுமே. அதை ஓர் எண்ணால் பெருக்கி மில்லிகிராமாகக் காட்டுகிறது. கரைந்திருப்பது சாதாரண உப்பா, கால்சியமா என்று அதற்குத் தெரியாது. கடினத்தன்மை என்பது முக்கியமாக கால்சியமும் மெக்னீசியமும்தான். லிட்டருக்கு 60 மி.கி. வரை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) மென்னீர். 180-ஐத் தாண்டினால் மிகக் கடின நீர்.

வீட்டிலேயே அளக்க, சொட்டு விட்டுப் பார்க்கும் கடினத்தன்மை கிட் போதும். குறித்த அளவு தண்ணீரில் நிறங்காட்டியைக் கலந்தால் ஒயின் சிவப்பாகும். பிறகு சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டு, சுத்த நீலம் வரும்வரை எண்ண வேண்டும். பலரும் ஊதா வந்ததுமே நிறுத்திவிடுகிறார்கள். அளவு குறைவாகத் தெரிவது அதனால்தான். ஊதா தென்பட்டதும் ஒவ்வொரு சொட்டுக்கும் நன்றாகக் குலுக்கி, சில விநாடி பொறுத்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் சில்லென்று இருந்தால் நிறம் மாறத் தாமதமாகும்.

கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. வரம்பு வைத்திருப்பது வேறு சிலவற்றுக்கு: லிட்டருக்கு நைட்ரேட் 50 மி.கி., ஃபுளோரைடு 1.5 மி.கி., ஆர்செனிக் 0.01 மி.கி. இவற்றையும் கிருமிகளையும் அந்த மீட்டர் பிரித்துக் காட்டாது. 150 காட்டும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். முதலில் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், கருவியைப் பிறகு யோசிக்கலாம். கிணற்று நீராக இருந்தால் கட்டாயம் கொடுங்கள்.

கேள்வி: கொதிக்க வைத்தால் கடினம் போய்விடுமா? கெட்டிலில் வெள்ளையாகப் படிந்ததை எப்படி எடுப்பது?

பதில்: ஒரு பகுதி போகும். பைகார்பனேட்டாக இருக்கும் கால்சியம் கொதிக்கும்போது சுண்ணாம்பாகப் பிரிந்து அடியில் படியும். உங்கள் கெட்டிலில் இருப்பது அதுதான். சல்பேட், குளோரைடாக இருப்பது கொதித்தாலும் அப்படியே நிற்கும். நைட்ரேட்டும் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

படிவை எடுக்க ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 25 கிராம் சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று கொதிக்க விடாதீர்கள். சூட்டில் கால்சியம் சிட்ரேட்டின் கரைதிறன் குறைவு. அது தானே புதிய படலமாக ஒட்டிக்கொள்ளும். பிளீச்சை இதன் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது: அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

கேள்வி: உப்புப் போடும் சாஃப்ட்னரில் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) இருந்து வரும் நீரைக் குடிக்கலாமா?

பதில்: அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. நீக்கும் ஒவ்வொரு 100 மி.கி. கடினத்தன்மைக்கும் சுமார் 46 மி.கி. சோடியம் சேரும். 400 இருந்த தண்ணீரில் 184 மி.கி. கூடும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் கைக்குழந்தைக்குப் பால் கலக்கவும் இது ஆகாது. சமையலறையின் குளிர்நீர்க் குழாய் ஒன்றை சாஃப்ட்னருக்கு முன்பே பிரித்து வைத்துவிடுங்கள். குளியலுக்கும் துணிக்கும் ஹீட்டருக்கும் மட்டும் மென்னீர் போதும்.

கேள்வி: ஒரே நாட்டுக்குள் ஓர் ஊரில் சோப்பு நுரைக்கிறது, இன்னோர் ஊரில் நுரைப்பதில்லையே?

பதில்: தண்ணீர் கடந்து வரும் பாறைதான் காரணம். பிரிட்டனில், சுண்ணாம்புப் பாறை வழியே வரும் லண்டன் நீர் கடினம்; லாக் கேட்ரின் ஏரியிலிருந்து கிளாஸ்கோவுக்கு வருவது நல்ல மென்னீர். ஆனால் மென்னீருக்கும் ஒரு குணம் உண்டு: பழைய ஈயக் குழாயை அரிக்கும். அப்படிக் குழாய் இருந்தால், இரவெல்லாம் தேங்கிய முதல் தண்ணீரைக் குடிக்காமல் செடிக்கு விடுங்கள்.